நிரலாளர் அவையில் அரசியல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். கிளைப்பேச்சுகள் பலவும் கேள்வி நேரமும் நீக்கப்பட்டுள்ளன.)



இங்கிருக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு தொழில்நுட்பக் குழுவில் இருப்பீர்கள். பைத்தான் கற்கும் குழு, லினக்ஸ் பயனர் குழு, எழுத்துரு செய்வோர் குழு என்று ஒன்றாவது இருக்கும். சேர்ந்த அன்றே ஒரு விதிப்பட்டியல் வந்திருக்கும். "அரசியல், மதம், சாதி பேசக் கூடாது. காலை வணக்கப் படம் போடக் கூடாது." இரண்டும் ஒரே பட்டியலில், அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். இரண்டாவது விதியை நான் முழுமனதுடன் ஆதரிக்கிறேன். இன்றைய என் பேச்சு முதல் விதியைப் பற்றியது.

"அரசியல் பேசலாமா, கூடாதா?" என்று கேட்டால் விடை கிடைக்காது. எந்த அரசியல், எங்கே, எதற்காக என்று கேட்க வேண்டும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தொழில்நுட்பக் குழு தன் கையால் செய்யும் வேலையின் விளைவு எதுவரை போகிறதோ, அதுவரை அரசியல் பேச அதற்கு உரிமை உண்டு, அது கடமையும்கூட. அந்த எல்லைக்கு அப்பால் இரண்டும் இல்லை. எல்லையைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தப் பேச்சு முடியும்போது, குழுவாக நாம் முடிவெடுத்துச் செய்யக்கூடிய காரியம் ஏதாவது உண்டா? உண்டென்றால் பேசியாக வேண்டும். இல்லையென்றால் அந்தப் பேச்சுக்குத் தேநீர்க் கடை இருக்கிறது.

1. இது புதிய பழக்கம் இல்லை

"அந்தக் காலத்தில் கணினிக்காரர்கள் கணினியை மட்டும் பேசினார்கள், இப்போதுதான் எல்லாம் கெட்டுவிட்டது" என்று மூத்தவர்கள் சிலர் சொல்வதுண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1980 ஜூன் 3 அன்று, சோவியத் ஏவுகணைகள் வருவதாக அமெரிக்காவின் வான்பாதுகாப்புக் கணினிகள் எச்சரித்தன. ஏவுகணை எதுவும் வரவில்லை. தகவல் தொடர்புக் கருவி ஒன்றில் இருந்த மலிவான சில்லு பழுதாகியிருந்தது. அதற்கு ஏழு மாதம் முன்பு, 1979 நவம்பரிலும் இப்படி ஒரு பொய் எச்சரிக்கை வந்திருந்தது. இதையெல்லாம் கேள்விப்பட்டு வயிற்றில் புளி கரைந்தது யாருக்கு? கணினி எப்படியெல்லாம் பிழை செய்யும் என்று அறிந்தவர்களுக்குத்தான். 1981-இல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில், அணுப்போரும் கணினியும் பற்றி உள் மின்னஞ்சலில் ஓர் உரையாடல் தொடங்கியது. அது வளர்ந்து, சமூகப் பொறுப்புள்ள கணினித் தொழிலர் சங்கம் என்று நாம் தமிழில் சொல்லத்தக்க ஓர் அமைப்பாக 1983-இல் பதிவு பெற்றது.

அதே 1983 மார்ச்சில் அதிபர் ரீகன், எதிரி ஏவுகணைகளை நடுவழியிலேயே அழிக்கும் பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்தார். "ஸ்டார் வார்ஸ்" என்று பத்திரிகைகள் பெயர் வைத்தது அதற்குத்தான். அதன் கணினிப் பகுதியை ஆராய அமைத்த வல்லுநர் குழுவில் டேவிட் பார்னாஸ் இருந்தார். மென்பொருள் பொறியியல் படித்தவர்கள் இந்தப் பெயரைப் பாடத்திலேயே கண்டிருப்பீர்கள். அவர் ராணுவத்துக்கு எதிரானவர் இல்லை. அமெரிக்கக் கடற்படைக்காகப் போர்விமான மென்பொருளில் வேலை செய்தவர். 1985 ஜூனில் அவர் அந்தக் குழுவிலிருந்து விலகினார். விலகல் கடிதத்துடன் எட்டுச் சிறு கட்டுரைகளையும் இணைத்தார்.

இளைஞர்கள் அந்தக் கட்டுரைகளைத் தேடிப் படிக்க வேண்டும். ரீகன் நல்லவரா கெட்டவரா என்று அவற்றில் ஒரு வரி கிடையாது. இவ்வளவு பெரிய மென்பொருளை உண்மையான போர்ச் சூழலில் சோதிக்க வழியில்லை. அதன் முதல் உண்மையான ஓட்டமே போராக இருக்கும். அன்றைக்குப் பிழை தெரிந்தால் திருத்த நேரம் இருக்காது. ஆகவே இதை நம்பலாம் என்று எந்தப் பொறியாளரும் நேர்மையாகச் சொல்ல முடியாது. வாதம் இவ்வளவுதான். அன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய அரசியல் கேள்விக்கு, நிரலாளர் மட்டுமே தரக்கூடிய ஒரு விடையை அவர் தந்தார். குழுவில் எஞ்சியிருந்தவர்கள் மறுத்தார்கள். அமைப்பை வேறு விதமாகக் கட்டினால் முடியும் என்றார்கள். அதுவும் தொழில்நுட்ப வாதம்தான். தரமான அரசியல் விவாதத்துக்கு மாதிரி கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

2. "ம்ம்ம்" என்று முடிவெடுத்தவர்கள்

இணையத்தின் நெறிமுறைகளை வகுப்பது ஐஇடிஎஃப் என்னும் பொறியாளர் கூட்டமைப்பு. உறுப்பினர் கட்டணம் கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. ஒரு கேள்வியை முன்வைத்து, ஆதரிப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று ஒலி எழுப்பச் சொல்வார்கள். பிறகு எதிர்ப்பவர்கள். எந்த ஒலி ஓங்கியது என்று தலைவர் காது கொடுத்துக் கேட்பார். நம் ஊர்க் கூட்டங்களிலும் இதை முயன்று பார்க்கலாம். பேசுபவரின் முகம் தெரியாமல் கருத்து மட்டும் தெரியும்.

இவர்களைப்போல "எங்களுக்கு அரசியல் வேண்டாம்" என்று சொல்லக்கூடியவர்கள் குறைவு. ஆனால் அரசியல் அவர்களைத் தேடி வந்தது. 1990-களில் அமெரிக்க அரசு வலுவான மறைகுறியாக்க மென்பொருளைப் போர்த்தளவாடப் பட்டியலில் வைத்து, அதன் ஏற்றுமதியைத் தடுத்தது. பிஜிபி என்னும் மென்பொருளை எழுதிய ஃபில் சிம்மர்மன்மீது விசாரணை நடந்தது. மென்பொருளை ஏற்றுமதி செய்யத்தானே தடை, புத்தகத்துக்குத் தடையில்லையே என்று அதன் மூலநிரலைப் புத்தகமாகவே அச்சிட்டு வெளியிட்டார்கள். அந்த விசாரணை 1996-இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், மறைகுறியாக்கத்தை வலுவிழக்கச் செய்யும் அரசுக் கொள்கைகள் இணையத்துக்குக் கேடு என்று ஐஇடிஎஃப் தலைமை அமைப்புகள் ஓர் அறிக்கை வெளியிட்டன. அந்த அமைப்பின் ஆவணங்களுக்கு வரிசை எண் உண்டு. இதற்கு வேண்டுமென்றே ஒதுக்கிய எண் 1984. '1984' நாவலை எழுதிய ஜார்ஜ் ஆர்வெல்லை நினைத்துத்தான்.

2013-இல் அமெரிக்க உளவுத்துறையின் கண்காணிப்பு பற்றி எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் வந்தபோது என்ன செய்தார்கள் என்பது இன்னும் முக்கியம். அந்த நவம்பரில் வான்கூவர் கூட்டத்தில் "ம்ம்ம்" ஒலித்தது. 2014 மே மாதம் 7258 என்ற எண்ணில் ஆவணம் வந்தது. எங்கும் பரவிய கண்காணிப்பு என்பது தாக்குதல். இனி நெறிமுறைகளை வகுக்கும்போது, முடிந்த இடத்தில் எல்லாம் அதைத் தணிக்க வேண்டும் என்றது. கண்காணிப்பவரின் நோக்கம் நல்லதா கெட்டதா என்ற ஆராய்ச்சிக்குள் அது போகவில்லை. திருடன் ஒட்டுக்கேட்டாலும் அரசு ஒட்டுக்கேட்டாலும் நெறிமுறையில் இருக்கும் ஓட்டை ஒன்றுதானே. உளவுத்துறையைக் கலைக்கச் சொல்ல ஐஇடிஎஃபுக்கு அதிகாரமில்லை. நெறிமுறையை மாற்றும் அதிகாரம் உண்டு. கையில் இருந்ததைச் செய்தார்கள். இன்று நீங்கள் திறக்கும் இணையப்பக்கங்களில் மிகப் பெரும்பாலானவை மறைகுறியாக்கத்துடன் வருவதில் அந்தக் காலத்துப் பேச்சுக்கும் பங்குண்டு.

3. கிரந்தச் சர்ச்சை

இனி நம் வீட்டுக்கு வருவோம். கணினி எழுத்துகளுக்கான உலகத் தரமான யூனிகோடு தமிழுக்கு ஒதுக்கிய அட்டவணையை ஒருமுறை திறந்து பாருங்கள். க என்ற எழுத்துக்கும் ங என்ற எழுத்துக்கும் நடுவில் மூன்று கட்டங்கள் வெறுமையாக இருக்கும். இந்தி எழுத்துகளின் வரிசைக்கு ஏற்ப விட்ட இடம் அது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே வார்ப்பு என்று வகுத்த ஐஸ்கி தரத்தின் 1988 வடிவத்தைத் தழுவி 1991-இல் யூனிகோடின் இந்திய எழுத்து அட்டவணைகள் வந்தன. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு எழுத்துப்பெயர்ப்பு எளிது என்பது அதற்குச் சொன்ன தொழில்நுட்பக் காரணம். நல்ல காரணம்தான். ஆனால் எல்லா மொழிக்கும் ஒரு வார்ப்பு என்பது மொழி அரசியலும்தான். மெய்யெழுத்தை அடிப்படையாகக் கொள்ளாமல் அகரமேறிய உயிர்மெய்யை அடிப்படையாகக் கொண்டதால், "க்" எழுத இரண்டு குறிகள் தேவைப்படுகின்றன. தமிழ் இலக்கணம் படித்த எவருக்கும் இது தலைகீழாகத் தோன்றும். தமிழின் அனைத்து எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கேட்டு டேஸ்16 என்னும் குறியேற்றம் பிறந்தது இந்த மனக்குறையில்தான். 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் சேர்த்தே தன் தரங்களாக அறிவித்தது.

அதே ஆண்டின் இறுதியில் கிரந்தச் சர்ச்சை வெடித்தது. வடமொழியை எழுதத் தமிழகத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கிய கிரந்த எழுத்துக்கு யூனிகோடில் இடம் கேட்டார்கள். அதில் எவருக்கும் மறுப்பிருக்க நியாயமில்லை. கல்வெட்டும் ஓலைச்சுவடியும் படிப்பவர்களுக்கு அது தேவை. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. எ, ஒ, ழ, ற, ன ஆகிய ஐந்து தமிழ் எழுத்துகளையும், எகர ஒகர உயிர்க்குறிகள் இரண்டையும் கிரந்த அட்டவணைக்குள் சேர்க்கும் முன்மொழிவு மத்திய அரசு வழியாக யூனிகோடுக்குப் போயிருந்தது. வடமொழிக்கு இந்த எழுத்துகள் தேவையில்லை. தமிழ்ச் சொற்களையும் கிரந்தத்திலேயே எழுத வேண்டுமென்றால்தான் தேவை.

தமிழ் மடலாடற்குழுக்கள் பற்றி எரிந்தன. ஒரு தரப்பு "தமிழ் எழுத்தை ஒழிக்கச் சதி" என்றது. தமிழ் அட்டவணையில் ஒரு கட்டமும் மாறப்போவதில்லை, கிரந்தம் தனி அட்டவணையாகத்தான் வருகிறது என்ற அடிப்படைச் செய்தி பலருக்குத் தெரியவில்லை. தமிழில் வடமொழி ஒலிகளைக் குறிக்கக் கூடுதல் குறியீடுகள் கேட்ட வேறொரு முன்மொழிவும் அதே ஆண்டில் இருந்தது. இரண்டையும் ஒன்றென்று எண்ணியே பக்கம் பக்கமாக எழுதினார்கள். மறுதரப்போ "இது வெறும் குறியேற்றம், மொழி அரசியலை இங்கே கொண்டுவராதீர்கள்" என்றது. முதல் தரப்பின் அறியாமையைவிட இந்த வாக்கியம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. யூனிகோடில் ஓர் எழுத்துக்கு ஒருமுறை இடம் கொடுத்துவிட்டால் பிறகு நீக்க முடியாது, இடம் மாற்றவும் முடியாது. நிலைத்தன்மை பற்றிய அவர்களது கொள்கை அது. திரும்பப் பெற முடியாத ஒரு முடிவை வெறும் தொழில்நுட்பம் என்று சொல்லிக் கதவைச் சாத்துவது எப்படி நியாயம்?

முதல்வர் கருணாநிதி மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். முடிவு தள்ளிப்போனது. 2014 ஜூனில் யூனிகோடின் 7.0 பதிப்பில் கிரந்தம் தனி அட்டவணையாக இடம்பெற்றது. சர்ச்சைக்குரிய அந்த ஐந்து எழுத்துகளும் இல்லாமல். அவை வந்திருக்க வேண்டிய கட்டங்கள் இன்றும் காலி.

இதில் யாருக்கு வெற்றி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. தமிழ்ச் சுவடிகளில் கிரந்தம் கலந்த மணிப்பிரவாள நடையை எண்ணிப் பார்த்தால், கேட்டவர்கள் பக்கமும் ஆராய்ச்சி நோக்கில் ஒரு நியாயம் இருந்திருக்கும். என் குறை நேரத்தைப் பற்றியது. முன்மொழிவு ஆவணம் பொதுவில் கிடந்தபோது பேசியிருந்தால் அது இலக்கணமும் குறியேற்றமும் கலந்த நல்ல விவாதமாக இருந்திருக்கும். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் "நமக்கெதற்கு அரசியல்" என்று இருந்தார்கள். அரசியல் தெரிந்தவர்களுக்கு ஆவணம் கண்ணில் படவில்லை. கடைசி வாரங்களில் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். அரசியலைத் தள்ளிவைத்தால் அது போய்விடுவதில்லை; முற்றிய பிறகு, விவரம் தெரியாதவர்களின் வாய்வழியாக வருகிறது.

4. மூன்று தவறான வழிகளும் ஒரு சரியான வழியும்

முதல் வழி, வாயடைப்பு. 2021 ஏப்ரலில் பேஸ்கேம்ப் என்னும் அமெரிக்க மென்பொருள் நிறுவனம், அலுவலகத்தின் உள்வெளியில் சமூக, அரசியல் பேச்சைத் தடை செய்தது. சில நாள்களிலேயே ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளியேறினர். நிறுவனத்தின் தளத்தில் நிறுவனத்தார் என்ன பேச வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லையா என்று கேட்கலாம். அந்தத் தடைக்குக் காரணமான விவாதம் எதிலிருந்து தொடங்கியது என்று பாருங்கள். வேடிக்கையாக இருக்கிறதென்று வாடிக்கையாளர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு, ஊழியர்களே ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள். அதில் ஆசிய, ஆப்பிரிக்கப் பெயர்களும் இருந்தன. அது அவர்கள் கையால் செய்த காரியம், அவர்களே திருத்தக்கூடியது. நான் சொன்ன சோதனையில் முழு மதிப்பெண் பெறும் விவாதத்தைத்தான் அங்கே மூடினார்கள்.

இரண்டாவது, பேசாமலே செய்வது. 2024 அக்டோபரில் லினக்ஸ் கருநிரலின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யாவோடு தொடர்புடைய ஏறத்தாழ பன்னிரண்டு பேரின் பெயர்கள் நீக்கப்பட்டன. சட்ட இணக்கக் காரணங்கள் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. கேட்டவர்களுக்கு, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் காரமாகப் பதில் சொன்னார். தான் ஃபின்லாந்துக்காரன் என்பதை நினைவூட்டினார். அமெரிக்கப் பொருளாதாரத் தடைச் சட்டத்தின்முன் அவர்களுக்கு வேறு வழி இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் எந்தச் சட்டம், யாருக்குப் பொருந்தும், எப்படித் திரும்ப வரலாம் என்ற விளக்கம் நீக்கத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் உழைத்தவருக்கு அந்த மரியாதைகூட இல்லையா?

மூன்றாவது, நிரலையே ஆயுதமாக்குவது. 2022 மார்ச்சில், உக்ரைன் போரை எதிர்த்த ஒரு நிரலாளர், நோட்-ஐபிசி என்னும் தன் நிரல்தொகுப்பில் ஒரு துண்டு சேர்த்தார். கணினி ரஷ்யாவிலோ பெலாரஸிலோ இருப்பதாகத் தெரிந்தால் அதன் கோப்புகளை அழித்து, இதயக் குறியை எழுதிவிடும். அவருடைய கோபம் நியாயமானது, செயல் துரோகம். நிரல்தொகுப்பை நிறுவியவர்கள் அவரை நம்பித்தான் நிறுவினார்கள்.

சரியான வழிக்கு, தன்னார்வலர்கள் உருவாக்கும் டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலைச் சொல்வேன். 2021-இல், சர்ச்சையில் சிக்கி விலகியிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், தான் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவுக்குத் திரும்பியதும் உலகமே இரண்டாகப் பிரிந்து கையெழுத்து வேட்டையில் இறங்கியது. டெபியன் நிலைப்பாடு எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். டெபியனுக்கு 1998 முதல் எழுதிய அமைப்புவிதிகள் உண்டு. விதிப்படி விவாதம் நடந்தது. கடுமையான கண்டனம் முதல் ஆதரவு வரை பல தீர்மானங்கள் வாக்குச்சீட்டில் இருந்தன. வென்றது எது தெரியுமா? "இதைப் பற்றி டெபியன் பொது அறிக்கை எதுவும் வெளியிடாது" என்ற தீர்மானம். பேசித் தீர்த்து, வாக்களித்து, மௌனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். விதியால் திணித்த மௌனத்துக்கும் இதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. யார் எப்படி வாக்களித்தார் என்பது அப்போது பொதுவில் தெரியும். அதனால் மிரட்டல் வரலாம் என்ற அச்சமும் எழுந்தது. அடுத்த ஆண்டே இன்னொரு தீர்மானம் போட்டு, வாக்காளர் பெயரை மறைக்க வழி செய்துகொண்டார்கள்.

5. எதிர்வாதம்

"ஐயா, நீங்கள் பார்னாஸ், டெபியன் என்கிறீர்கள். எங்கள் குழுவில் அரசியலைத் திறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் தேர்தல் கூட்டணியில் போய் நிற்கும்" என்று மட்டுறுத்துநர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் சொல்வது உண்மை. மட்டுறுத்துநர் சம்பளம் வாங்கிக்கொண்டு இதைச் செய்வதில்லை. இரவு பதினொரு மணிக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு சண்டை விலக்குகிறார். சண்டை பெருத்தால் முதலில் வாயை மூடிக்கொள்பவர்கள் புதியவர்களும் பெண்களும்தான். கத்தியவர்கள் மறுநாளும் இருப்பார்கள். ஆகவே தேர்தல் கூட்டணிக்குத் தடை போடுங்கள். நான் சொன்ன சோதனையே அதைத் தடுத்துவிடும். யார் யாரோடு சேர வேண்டும் என்று பைத்தான் குழு தீர்மானிக்கப் போவதில்லை.

ஆனால் சாதியை அதே பெட்டியில் போட்டு மூடாதீர்கள். 2022 ஏப்ரலில் கூகுள் நிறுவனத்தில், தமிழ்ப் பின்னணியுள்ள தலித் செயற்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜன் சாதி பற்றிப் பேசுவதாக இருந்தது. ஊழியர்கள் சிலரின் எதிர்ப்புக்குப் பின் அந்த நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. பேச்சு பிளவை உண்டாக்கும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. யாரை வேலைக்கு எடுக்கிறோம், யாருடைய நிரலை ஏற்கிறோம், யாரைப் பேச அழைக்கிறோம் என்பதெல்லாம் குழுவின் கையில் இருப்பவை. அவற்றில் சாதி நுழைகிறதா என்று கேட்பது குழுவின் சொந்த வேலை. "இங்கே சாதி பேசக் கூடாது" என்ற விதி, சாதியால் சிரமப்படாதவருக்கு எதையும் பறிப்பதில்லை. சிரமப்படுபவரிடமிருந்து புகார் சொல்லும் வழியைப் பறிக்கிறது.

விதியை எப்படி எழுதுவது? "அரசியல் பேசக் கூடாது" என்பதை அடித்துவிட்டு, "நம் வேலையைத் தொடும் அரசியலைத் தனி இழையில், என்ன முடிவு வேண்டும் என்று முதல் மடலிலேயே சொல்லி, காலக்கெடுவுடன் பேசலாம், முடிவை எழுதி வைக்க வேண்டும்" என்று எழுதுங்கள். கெடு முடிந்தால் இழையை மூடுங்கள். சட்டத்துறைக்காரர் இதைவிட நன்றாக எழுதுவார். எனக்குத் தெரிந்தது இவ்வளவு.

தன் வேலையைத் தொடும் அரசியலைப் பேசி முடிவு காண்பது இந்தியாவிலேயே நடந்திருக்கிறது. 2015-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இணையச் சமநிலை குறித்துக் கருத்துக் கேட்டபோது, அந்த நீண்ட ஆங்கில ஆவணத்தைப் பொதுமக்களுக்குப் புரியும்படி பிரித்துச் சொன்னவர்களில் நிரலாளர்கள் பலர் இருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் ஆணையத்துக்குப் போயின. 2016 பிப்ரவரி 8 அன்று, இணைய உள்ளடக்கத்துக்கேற்பக் கட்டணத்தில் பாகுபாடு காட்டுவதை ஆணையம் தடை செய்தது. எந்தக் கட்சியின் கொடியும் தேவைப்படவில்லை.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். யூனிகோடு நிறுவனத்துக்கு வரும் முன்மொழிவுகள் அதன் ஆவணப் பதிவேட்டில் பொதுவில் கிடைக்கின்றன. படிக்கக் கட்டணமில்லை, யாரும் கருத்து எழுதி அனுப்பலாம். தமிழ், கிரந்தம், வட்டெழுத்து தொடர்பாக என்ன வருகிறது என்று மாதம் ஒருமுறை பார்த்து, தமிழில் ஒரு பக்கம் எழுதி உங்கள் குழுவில் போட மூன்று பேர் போதும். ஒருவர் இலக்கணம் படித்தவராகவும், ஒருவர் நிரல் எழுதுபவராகவும், ஒருவர் சந்தேகப் பிராணியாகவும் இருந்தால் நல்லது. இந்த மாதமே தொடங்குங்கள்.